சரிபார்ப்புப் பணிகளைப் பயனர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது எப்படி? சுற்றுமுறை ஒதுக்கீட்டில் சிக்கல்

உட்லண்ட்ஸ்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் துவாஸில் கப்பல் உதிரிப்பாகங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தில் தரவுப் பிரிவைக் கவனித்து வருகிறேன். மூன்று பழைய கணினி முறைகளில் சிதறிக் கிடந்த விநியோகிப்பாளர் பதிவுகளை ஒரே இடத்திற்குக் கொண்டுவரும் வேலையைச் சென்ற ஆண்டு இறுதியில் தொடங்கினோம். ஒரே நிறுவனம் வெவ்வேறு பெயர்களில் பதிவாகியிருக்குமோ என்று மென்பொருள் சந்தேகிக்கும்போதும், முகவரியோ யூஇஎன் எண்ணோ (அரசாங்கம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தரும் பதிவு எண்) பொருந்தாதபோதும், அது ஒரு சரிபார்ப்புப் பணியை உருவாக்கி எங்கள் குழுவின் ஏழு பேரில் ஒருவருக்கு அனுப்பிவிடும். ஐந்து பேர் இங்கே இருக்கிறார்கள், இருவர் சென்னையில் இருக்கிறார்கள்.

ஒதுக்கீடு சுற்றுமுறையில் நடக்கிறது. முதல் பணி முதலாமவருக்கு, இரண்டாவது இரண்டாமவருக்கு என்று போய், ஏழாமவருக்குப் பிறகு மீண்டும் முதலாமவரிடம் வரும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 பணிகள் வருவதால் எண்ணிக்கையில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒருவருடைய 60 மற்றவருடைய 60 ஆக இருப்பதில்லை. அஞ்சல் குறியீட்டில் ஓர் இலக்கம் விடுபட்ட பதிவை அரை நிமிடத்தில் திருத்திவிடலாம். மூன்று கிளைகளும் இரண்டு வங்கிக் கணக்குகளும் உள்ள ஒரு நிறுவனத்தின் பதிவுகளை இணைப்பதா பிரித்தே வைப்பதா என்று முடிவெடுக்க இருபது நிமிடமும் இரண்டு தொலைபேசி அழைப்புகளும் தேவைப்படுகின்றன. மாலை நான்கு மணிக்கு ஒருவர் வேலையை முடித்துவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருக்க, பக்கத்து மேசைக்காரர் ஏழு மணிக்கும் திரையை விட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

ஜனவரியில் நிலைமை இன்னும் மோசமானது. பொங்கலுக்காகச் சென்னை ஊழியர்கள் இருவரும் நான்கு நாள் விடுப்பில் போனார்கள். இங்கே பொங்கல் பொது விடுமுறை இல்லாததால் மென்பொருளில் அந்த நாள்களைக் குறித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. (எனக்கே தோன்றவில்லை, அன்று காலை வீட்டில் பானை வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தேன்!) அவர்கள் திரும்பி வந்தபோது இருவர் பெயரிலும் சேர்த்து 480 பணிகள் குவிந்திருந்தன. தம் பங்கை முடித்துவிட்ட மற்றவர்களால் அவற்றைத் திறக்கக்கூட முடியவில்லை, ஏனென்றால் அவற்றில் வேறொருவர் பெயர் எழுதியிருந்தது.

மூன்றாவது சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ஒரே விநியோகிப்பாளரைப் பற்றிய மூன்று சந்தேகங்கள் மூன்று பேருக்குப் போயின. ஒருவர் இணைத்தார், ஒருவர் வேண்டாம் என்றார், மூன்றாமவர் கூடுதல் ஆவணம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்.

கையில் குறைவான பணி உள்ளவருக்கு அடுத்ததை அனுப்பும்படி விதியை மாற்றினால் போதுமா, அல்லது எல்லாவற்றையும் பொது வரிசையில் போட்டு அவரவரே எடுத்துக்கொள்ளும்படி விடலாமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தேக்கா பழங்கை:

வணக்கம் சகோதரி. உங்கள் மூன்று சிக்கல்களுக்கும் வேர் ஒன்றுதான். பணி பிறக்கும்போதே அதன் நெற்றியில் ஒருவர் பெயரை எழுதிவிடுகிறீர்கள். அந்த நேரத்தில் பணி எவ்வளவு கடினம் என்பது தெரியாது, அந்த ஆள் நாளை வருவாரா என்பதும் தெரியாது. பெயரை எவ்வளவு தாமதமாக எழுதுகிறோமோ அவ்வளவு நல்லது.

பலதுறை மருந்தகத்தின் பதிவு முகப்புகளை நினைத்துப் பாருங்கள். எத்தனை முகப்புகள் திறந்திருந்தாலும் எண் வரிசை ஒன்றுதான். எந்த முகப்பு காலியாகிறதோ அங்கே அடுத்த எண்ணை அழைப்பார்கள். ஒரு முகப்பில் பெரியவர் ஒருவர் கால்மணி நேரம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாலும் அவருக்குப் பின்னால் யாரும் மாட்டிக்கொள்வதில்லை, மற்ற முகப்புகள் வரிசையை நகர்த்திவிடும். பேரங்காடியில் ஒவ்வொரு முகப்புக்கும் தனி வரிசை நிற்பதைப் போன்றது உங்கள் சுற்றுமுறை. நம் வரிசை மட்டும் ஏன் நகரவில்லை என்ற எரிச்சல் அங்கே எல்லாருக்கும் பழக்கம்தான்.

பணியோட்ட மென்பொருள்களில் இதற்கு இரண்டு தனி இடங்கள் உண்டு. பணியைச் செய்யத் தகுதியுள்ள குழு யார் என்பது ஒன்று, உண்மையில் கையில் எடுத்திருப்பவர் யார் என்பது மற்றொன்று. பணியோட்டத்தை வரைபடமாகக் குறிக்கும் பிபிஎம்என் முறையைப் பின்பற்றும் மென்பொருள்களில் முதலாவதைக் கேண்டிடேட் குரூப் என்றும் இரண்டாவதை அசைனீ என்றும் பார்த்திருப்பீர்கள். பணி உருவாகும்போது குழுவை மட்டும் நிரப்பி, ஆள் பெயரை வெற்றாக விடுங்கள். இது புதிய யோசனை அல்ல. நிக் ரஸ்ஸல், வான் டெர் ஆல்ஸ்ட் முதலிய ஆய்வாளர்கள், பணியோட்ட மென்பொருளில் வேலை எப்படி ஆள்களைச் சென்றடைகிறது என்பதை 43 வடிவங்களாகத் தொகுத்து 2005இல் வெளியிட்டார்கள். சுற்றுமுறை, வரிசை குறைந்தவருக்குத் தருவது, முன்பு பார்த்தவருக்கே தருவது ஆகிய மூன்றும் அதில் தனித்தனி வடிவங்களாக இருக்கின்றன.

கையில் குறைவாக உள்ளவருக்கு அனுப்புவது சுற்றுமுறையைவிடச் சற்று மேல், அவ்வளவுதான். பத்து அஞ்சல் குறியீட்டுப் பிழைகளை வைத்திருப்பவர் இரண்டு இணைப்புச் சிக்கல்களை வைத்திருப்பவரைவிட அதிகச் சுமையோடு இருப்பதாக அந்த விதி நினைத்துக்கொள்ளும். எடை போட விரும்பினால் மதிப்பீட்டை நம்பாதீர்கள், பழைய பதிவேட்டிலிருந்து எடுங்கள். ஒவ்வொரு வகைப் பணிக்கும் திறந்த நேரத்திலிருந்து முடித்த நேரம் வரை கணக்கிட்டு, சராசரியை விட்டுவிட்டு நடுமதிப்பை (நேரங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) எடுத்துக்கொள்ளுங்கள். பணியைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர்கள் சராசரியைக் கெடுத்துவிடுவார்கள்.

மூன்றாவது சிக்கலுக்குத் தீர்வு ஒதுக்கீட்டில் இல்லை, பணியை உருவாக்கும் இடத்தில் இருக்கிறது. முதல் பதிவும் இரண்டாவதும் ஒன்றோ, இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றோ என்று இரண்டு சந்தேகங்கள் எழுந்தால், மூன்று பதிவுகளையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரே பணியாகக் கொடுங்கள். ஆனால் கட்டு கட்டும் விதியில் கவனம் தேவை. சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு பெரும்பாலும் ஒரு கட்டடத்தையே குறிக்கும். ஊபியில் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தில் நூறு நிறுவனங்கள் இருந்தால் நூற்றுக்கும் குறியீடு ஒன்றாகவே இருக்கும். நிறுவனச் செயலாளர் சேவை வழங்கும் அலுவலகத்தின் முகவரியைப் பதிவு முகவரியாகக் கொடுத்தவர்கள் என்றால் மாடி எண்ணும் கதவு எண்ணும்கூட ஒன்றாகிவிடும். குறியீட்டை மட்டும் வைத்துக் கட்டினால், யாராலும் முடிக்க முடியாத ஒரு மூட்டை வந்து சேரும்.

இன்னொன்று. ஆளிடமே போகத் தேவையில்லாத பணிகள் எத்தனை என்று முதலில் பாருங்கள். உள்ளூர் நிறுவனங்களின் யூஇஎன் பத்து எழுத்துகள் கொண்டது: நான்கு இலக்கத்தில் ஆண்டு, ஐந்து இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. வணிகப் பதிவுகளுக்கு ஒன்பது: எட்டு இலக்கம், ஓர் எழுத்து. இந்த இரு வகைகளில் வடிவத்திற்குள் வராததை உள்ளீட்டுத் திரையிலேயே நிறுத்திவிடலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் அஞ்சல் குறியீட்டின் கடைசி மூன்று இலக்கம் பெரும்பாலும் புளோக் எண்ணாகவே இருக்கும், அங் மோ கியோ புளோக் 406 என்றால் 560406. பொருந்தாவிட்டால் தவறு என்று முடிவு கட்ட முடியாது, பொருந்தினால் ஒரு சந்தேகம் குறையும்.

பாசிர் ரிஸ் கணக்கர்:

மேலே சொன்னதில் எனக்கு உடன்பாடு பாதிதான். பல பேர் அடித்த பாம்பு சாகாது என்பார்கள். பொது வரிசையின் கதை பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது.

எங்கள் பிரிவில் மூன்று ஆண்டுகளுக்கு முன் எல்லாவற்றையும் பொது வரிசையில் போட்டோம். முதல் வாரம் வேகம் கூடியது போலத் தோன்றியது. இரண்டாவது மாதத்தில் பார்த்தால், எல்லாரும் பட்டியலை மேலும் கீழும் உருட்டி எளியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடியில் 11 பணிகள் கிடந்தன. அவற்றின் வரலாற்றைத் திறந்தால், ஒருவர் எடுத்திருக்கிறார், பத்து நிமிடத்தில் விடுவித்திருக்கிறார், அடுத்தவர் எடுத்திருக்கிறார், அவரும் விடுவித்திருக்கிறார். ஒரு பணியை ஒன்பது முறை திறந்து மூடியிருந்தார்கள். யாரும் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அந்த விநியோகிப்பாளருக்கு ஆறு வாரமாகப் பணம் போகவில்லை.

பெயர் எழுதியிருந்தால் குறைந்தபட்சம் யாரைக் கேட்பது என்றாவது தெரிந்திருக்கும்.

தேக்கா பழங்கை:

கணக்கர் ஐயா சொல்வது சரி, நான்தான் விளக்காமல் விட்டுவிட்டேன். பொது வரிசை வேறு, பொதுப் பட்டியல் வேறு. பயனருக்குப் பட்டியலையே காட்டக் கூடாது. திரையில் "அடுத்தது" என்று ஒரு பொத்தான் மட்டும் இருக்கட்டும், எந்தப் பணி வரும் என்பதை மென்பொருள் தீர்மானிக்கட்டும். பலதுறை மருந்தகத்திலும் முகப்பு ஊழியர் யாரை அழைப்பது என்று கூட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லையே.

விடுவிப்பதற்கும் விலை வைக்க வேண்டும். காரணம் எழுதாமல் விடுவிக்க முடியாது, இரண்டாம் முறை விடுவிக்கப்பட்ட பணி பொது வரிசைக்குத் திரும்பாது, மேற்பார்வையாளர் பெயருக்கே போகும் என்று விதி செய்யுங்கள். அந்த இடத்தில் பெயர் எழுதுவதை நானும் ஏற்கிறேன். கூடுதல் ஆவணம் கேட்டு அனுப்பிய பணியும் பதில் வந்தவுடன் முதலில் பார்த்தவரிடமே திரும்பட்டும், ஆனால் அவர் ஒரு வேலை நாளுக்குள் தொடாவிட்டால் வரிசைக்குப் போகட்டும்.

மேலாளர்கள் அடிக்கடி கேட்பதால் ஒரு கணக்கையும் சொல்லி வைக்கிறேன். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதிப்படி, வரிசையில் தேங்கியிருக்கும் பணிகளின் எண்ணிக்கை, நாளொன்றுக்கு வரும் பணிகளை ஒரு பணி காத்திருக்கும் சராசரி நாள்களால் பெருக்கியதற்குச் சமம். உங்களுக்கு நாளொன்றுக்கு 420 வருகிறது, காத்திருப்பு மூன்று நாள் என்றால் 1,260 பணிகள் எப்போதும் கிடக்கும். காத்திருப்பை ஒரு நாளாகக் குறைக்க வேண்டும் என்று மேலாளர் சொன்னால், தேக்கம் 420க்கு இறங்க வேண்டும். ஒதுக்கீட்டு விதியை எப்படி மாற்றினாலும், நாள்தோறும் வருவது முடிப்பதைவிட அதிகமாக இருந்தால் அது இறங்காது.

உட்லண்ட்ஸ்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. எங்கள் மென்பொருளில் குழு ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் பட்டியலைத்தான் காட்டுகிறது, "அடுத்தது" பொத்தான் இல்லை. எங்கள் நிரலாளர் தம்பி இரண்டு நாளில் ஒரு சிறு திரை எழுதிக் கொடுத்தார், பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இருக்கிறது. நேற்று மூன்று பேரை வைத்துச் சோதித்தபோது, இருவர் ஒரே நொடியில் அழுத்தினால் இருவருக்கும் ஒரே பணி வந்துவிடுகிறது. இருவரும் ஒரே பதிவைத் திருத்தி, பின்னால் சேமித்தவருடையது நின்றுவிட்டது.

செங்காங் நிரலாளர்:

உங்கள் தம்பி முதலில் செலக்ட் செய்து (வரியைப் படித்து), பிறகு அப்டேட் செய்திருப்பார் (அதில் பெயரை எழுதியிருப்பார்). இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் இன்னொருவர் அதே வரியைப் படித்துவிடுகிறார். எழுதும்போது "இதை இன்னும் யாரும் எடுக்கவில்லை என்றால் மட்டும்" என்ற நிபந்தனையைச் சேர்த்து, எத்தனை வரிகள் மாறின என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று என்றால் பணி கிடைத்தது, சுழியம் என்றால் வேறொருவர் முந்திவிட்டார், அடுத்ததை முயல வேண்டும். இன்னும் சுத்தமான வழி ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்ட் என்னும் கட்டளை. 2016 ஜனவரியில் வெளியான 9.5ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸில் இது உண்டு. ஒருவர் பூட்டிய வரிக்காக அடுத்தவர் காத்திருக்க மாட்டார், அதைத் தாண்டி அடுத்த வரியை எடுத்துக்கொள்வார்.

ஆனால் அந்தப் பூட்டை மனிதர் வேலை செய்து முடிக்கும் வரை பிடித்து வைத்திருக்கக் கூடாது. இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். பூட்டு ஒரு நொடிக்கும் குறைவாக இருந்து, எடுத்தவர் பெயரையும் கெடு நேரத்தையும் எழுதிவிட்டு விலகிவிட வேண்டும். கெடு 45 நிமிடம் என்று வையுங்கள், ஒவ்வொரு முறை இடைச்சேமிப்பு செய்யும்போதும் அது நீளட்டும். கெடு தாண்டினால் பணி தானாக வரிசைக்குத் திரும்பும். எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்துக்கொண்டு பாதியில் வீட்டுக்குப் போனவரைத் தொலைபேசியில் அழைத்து "அந்தப் பணியை விடுவியுங்கள்" என்று கெஞ்ச வேண்டியிருக்காது.

பதிவில் ஒவ்வொரு சேமிப்பிலும் ஒன்று கூடும் ஒரு பதிப்பு எண்ணும் இருக்கட்டும். கெடு தாண்டிய பிறகு திரும்பி வந்து பழைய திரையில் "சேமி" அழுத்துபவர் நிச்சயம் இருப்பார். அவர் திறந்தபோது 7ஆக இருந்த எண் இப்போது 8ஆக இருந்தால் சேமிப்பை மறுத்து, இடையில் என்ன மாறியது என்று காட்டுங்கள். மறுத்தால் மட்டும் போதாது, அவர் தட்டெழுதியதை நகலெடுக்கவாவது விடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் மேசைக்குத்தான் வருவார்.

தோ பாயோ தணிக்கையாளர்:

வேகத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும்.

வங்கிக் கணக்கு எண் மாறும் பதிவுகளைத் தனி வரிசையாகப் பிரித்துவிடுங்கள். மாற்றத்தை உள்ளிட்டவரே அதைச் சரிபார்க்கக் கூடாது. "அடுத்தது" பொத்தானின் விதியிலேயே உள்ளிட்டவரை விலக்க வேண்டும், பிறகு அறிக்கையில் கண்டுபிடித்துப் பயனில்லை. வரிசையில் ஒரே ஒரு பணி இருந்து, அதற்குத் தகுதியுள்ள ஒரே ஆள் அதை உள்ளிட்டவர் என்றால், திரை "பணி இல்லை" என்று சொல்லும், பணி அங்கேயே கிடக்கும். அந்த நிலைமைக்கு ஓர் எச்சரிக்கை தேவை.

சென்னை ஊழியர்களைப் பற்றியும் ஒரு கேள்வி. உங்கள் விநியோகிப்பாளர்களில் தனியாள் வணிகர்கள் இருந்து, பழைய பதிவுகளில் அவர்களின் அடையாள அட்டை எண் இருக்கிறதா? 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டு நெறிப்படி, சட்டம் கேட்டாலோ ஒருவரை மிகத் துல்லியமாக அடையாளம் காண வேண்டியிருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அந்த எண்ணைச் சேகரிக்கவோ பயன்படுத்தவோ வெளியிடவோ கூடாது. வெளிநாட்டுக்குத் தகவல் போவதற்குத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் தனிக் கட்டுப்பாடும் இருக்கிறது. அந்தப் புலம் உள்ள பணிகளை இங்குள்ள குழுவுக்கு மட்டும் அனுப்புங்கள், அல்லது புலத்தை மறைத்து அனுப்புங்கள். தேவையில்லாவிட்டால் நீக்குவதே நல்லது.

பெயர்ப் புலத்தைப் பற்றிச் சிறிது. எங்கள் தணிக்கையில் தவறான இணைப்புகள் அதிகம் கிடைத்தது தனியாள் பெயர்களில்தான். "குமார் எஸ்/ஓ ராஜு" (ராஜுவின் மகன் குமார்) என்பதை ஒரு கணினி முறை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று உடைத்து ராஜுவைக் குடும்பப்பெயராக்கியிருந்தது, இன்னொன்று எஸ்ஓராஜு என்று ஒட்டிவிட்டிருந்தது. தந்தை பெயர் குடும்பப்பெயர் ஆகாது என்பது நமக்குத் தெரியும். சீனப் பெயரில் குடும்பப்பெயர் முன்னால் வரும், மலாய்ப் பெயரில் தந்தை பெயருக்கு முன் "பின்" (மகன்) அல்லது "பின்தே" (மகள்) என்ற சொல் வரும். முடிந்தால் அத்தகைய பணிகளை அந்தப் பெயர்முறை தெரிந்தவரிடம் முதலில் தாருங்கள். ஆனால் அவர் ஒருவருக்கே எல்லாம் குவியாமல் இருக்க, அரை நாளுக்குப் பிறகு யாருக்கும் போகலாம் என்று திறந்துவிடுங்கள்.

தரத்தை அளக்க, முடிந்த பணிகளில் ஒரு பகுதியை, ஏற்கெனவே ஒருவர் பார்த்தது என்று சொல்லாமல், இரண்டாமவருக்கு மறுபடி அனுப்புங்கள். இருவரும் 90 விழுக்காடு ஒத்துப்போகிறார்கள் என்று கேட்டவுடன் மகிழ வேண்டாம். இருவருமே பத்தில் ஒன்பதை "சரி" என்று சொல்லிப் பழகியவர்கள் என்றால், பதிவைப் படிக்காமலே 0.9 பெருக்கல் 0.9, அதோடு 0.1 பெருக்கல் 0.1, ஆக 82 விழுக்காடு தற்செயலாக ஒத்துப்போகும். தற்செயலைக் கழித்து ஒற்றுமையை அளக்க ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த கப்பா அளவில் பார்த்தால் மீதமுள்ள 18இல் 8தான் உண்மையான ஒற்றுமை, அதாவது 0.44. பெயர்ப் பொருத்தப் பணிகளுக்கு இந்தக் கணக்கைத் தனியாகப் போடுங்கள், எல்லாவற்றையும் கலந்தால் அஞ்சல் குறியீட்டுப் பணிகள் எண்ணைத் தூக்கிவிட்டுக் குறையை மறைத்துவிடும்.

உட்லண்ட்ஸ்வாசி:

நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன். "அடுத்தது" பொத்தான் நடப்புக்கு வந்துவிட்டது, தம்பி ஸ்கிப் லாக்ட் போட்ட பிறகு இரட்டை ஒதுக்கீடு ஒன்றுகூட வரவில்லை. வடிவப் பிழைகளை உள்ளீட்டிலேயே நிறுத்தியதில் நாள் வரவு 420இலிருந்து 290 ஆனது, இதுவே பெரிய நிம்மதி. கட்டு கட்டுவதில் பழங்கை ஐயா எச்சரித்த மூட்டை எங்களுக்கும் வந்தது, 63 பதிவுகள். செயலாளர் அலுவலக முகவரிகளைத் தனியே குறித்து விலக்கினோம். அடையாள அட்டைப் புலத்தை அடியோடு நீக்கிவிட்டோம், யாரும் அதைத் தேடவில்லை.

விடுவிக்கக் காரணம் எழுத வேண்டும் என்றதும் முதலில் முணுமுணுப்பு இருந்தது. சிலர் காரணப் பெட்டியில் ஒரு புள்ளியை மட்டும் வைத்தார்கள், இருபது எழுத்துக்குக் குறையக் கூடாது என்று மாற்றிய பிறகு இருபது புள்ளிகள் வைத்தார்கள். இப்போது அந்தக் காரணங்களை வாரக் கூட்டத்தில் உரக்கப் படிக்கிறோம், புள்ளிகள் நின்றுவிட்டன.

மீதமிருக்கும் சிக்கல் தணிக்கையாளர் சொன்னதுதான், தகுதியுள்ள ஆள் இல்லாமல் பணி அங்கேயே கிடப்பது. சீனப் புத்தாண்டின் இரண்டு விடுமுறை நாள்களிலும் சென்னை ஊழியர்கள் பொது வரிசையை அழகாக நகர்த்தினார்கள், ஆனால் வங்கிக் கணக்கு வரிசையை இங்குள்ளவர்கள் மட்டுமே தொடும்படி வைத்திருப்பதால் ஒன்பது பணிகள் அப்படியே நின்றன. அவற்றில் இரண்டுக்கு அந்த வாரமே பணம் போக வேண்டியிருந்தது. நோன்புப் பெருநாளுக்கு முன்பு அந்த வரிசைக்கு ஒரு மாற்று ஆளைப் பெயர் குறித்து வைக்கும்படி துணை மேலாளரிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.